கடன் வாங்கினார், பத்திரிகை வாங்கினார்!

காலையில் கடைக்குப் போகிறோம். காசு கொடுக்கிறோம். ஒரு பத்திரிகை வாங்குகிறோம்.

படித்து முடித்ததும் மடித்து வைக்கிறோம். மாதக் கடைசியில் எடைக்குப் போடுகிறோம்.

இவரும் பத்திரிகை வாங்கினார். ஆபீசு, அச்சு எந்திரம், ஆசிரியர், நிருபர்கள் எல்லாம் சேர்த்து, பத்திரிகையையே வாங்கினார்!

ஆஸ்திரேலியாவில் வாங்கினார். இங்கிலாந்தில் வாங்கினார். அமெரிக்காவில் வாங்கினார். பத்திரிகை போதாது என்று சினிமாக் கம்பெனி வாங்கினார். டெலிவிஷன் நிலையம் வாங்கினார். புத்தகக் கம்பெனி வாங்கினார்.

அவர் பெயர், ரூபர்ட் மர்டாக். 1931-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் பிறந்தவர்.

நம் வீட்டு டெலிவிஷனில் "விஜய்" வருகிறது அல்லவா? அதுகூட ஒரு காலத்தில் அவர் கம்பெனியிடம்தான் இருந்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

தகப்பனார்

மர்டாக்கின் தகப்பனார் சர் கீத் மர்டாக். அவரும் பத்திரிகைக்காரர்தான்.

முதல் உலகப் போரின்போது, 1915-ம் ஆண்டில், துருக்கியில் கல்லிபோலி என்ற இடத்தில் ஆஸ்திரேலியப் போர் வீரர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். தளபதிகளின் தவறுதான் காரணம் என்று ஆஸ்திரேலியப் பிரதமருக்கு நீண்ட கடிதம் எழுதினார், கீத் மர்டாக். அந்தக் கடிதத்தால் அவர் பெயர் நாடெங்கும் பரவியது.

பிறகு அவர் மெல்போர்னில், "ஹெரால்டு" என்ற பெரிய பத்திரிகைக் குழுவின் தலைவர் ஆனார். நாட்டிலேயே பெரிய குழு அது. ஆனால், தலைவராக இருந்தாரே தவிர, கம்பெனி அவருடையது அல்ல. அவர் கையில் இருந்த பங்கு கொஞ்சம்தான்.

1952-ம் ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார்.

அப்போது மகன் ரூபர்ட், இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். வயது 21.

தகப்பனார் விட்டுச் சென்ற சொத்தில் ஒரு பகுதி, கடனுக்கும் வரிக்கும் போயிற்று. மிஞ்சியது, அடிலெய்டு நகரில் "நியூஸ்" என்ற மாலைப் பத்திரிகை. அதோடு ஒரு ஞாயிறு பத்திரிகை. அவ்வளவுதான்.

படிப்பை முடித்த ரூபர்ட், லண்டனில் ஒரு பத்திரிகை ஆபீசில் சில மாதம் வேலை பழகினார். 1953-ம் ஆண்டில் அடிலெய்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

தகப்பனாரின் வாழ்க்கையில் இருந்து அவர் ஒரு பாடம் படித்திருந்தார். பத்திரிகையை நடத்துவது வேறு. சொந்தமாக வைத்திருப்பது வேறு. ஆயுள் முழுவதும் உழைத்தும் தகப்பனாருக்கு அந்தக் கம்பெனி சொந்தமாகவில்லை. இந்த எண்ணம் மகனின் மனதில் முள்ளாகத் தைத்திருந்தது.

முதல் சோதனை

அடிலெய்டில் அவருக்கு வலதுகையாக இருந்தவர், ஆசிரியர் ரோகன் ரிவெட்.

1959-ம் ஆண்டில், ஒரு சிறுமியைக் கொன்றதாக ஆஸ்திரேலிய ஆதிவாசி ஒருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணை சரியாக நடக்கவில்லை என்று "நியூஸ்" எழுதியது. ஒருநாள் அல்ல, நாள்தோறும் எழுதியது. விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. தூக்குத் தண்டனை, ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

சர்க்காருக்குக் கோபம். பத்திரிகை மீதும், ஆசிரியர் மீதும் ராஜத்துரோக அவதூறு வழக்குத் தொடர்ந்தது. வழக்கு நிற்கவில்லை. ஆசிரியர் தப்பினார்.

ஆனால், வழக்கு முடிந்த சில வாரங்களிலேயே, 1960-ம் ஆண்டில், மர்டாக்கிடம் இருந்து ரிவெட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. "வேலையில் இருந்து நீக்கப்பட்டீர்" என்பதே அதன் சாரம்!

ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றிய ஆசிரியர், தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. மர்டாக் பத்திரிகைகளில் ஆசிரியர்கள் இப்படிப் போவது பிறகு சகஜமாகிவிட்டது.

அதே 1960-ம் ஆண்டில், சிட்னி நகரில் "டெய்லி மிர்ரர்" என்ற பத்திரிகை விலைக்கு வந்தது. விற்றவர்கள், போட்டிப் பத்திரிகைக்காரர்கள். "இந்தச் சின்னப் பையன் வாங்கி நஷ்டப்படட்டும்" என்பது அவர்கள் எண்ணம். பையன் நஷ்டப்படவில்லை. சிட்னியில் வேரூன்றிவிட்டார்.

1964-ம் ஆண்டில், "ஆஸ்திரேலியன்" என்ற தினப் பத்திரிகையைத் தாமே தொடங்கினார். நாடு முழுவதற்கும் ஒரே பத்திரிகை என்பது திட்டம். தலைநகரமான கான்பெராவில் பக்கங்களைத் தயார் செய்து, அச்சுப் பதிவுகளை இரவோடு இரவாக விமானத்தில் சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் அனுப்புவார்கள். கான்பெராவிலோ பனி மூட்டம்! விமானம் கிளம்பாது. பத்திரிகை வராது. பல ஆண்டு நஷ்டம். என்றாலும் அதை அவர் மூடவில்லை. இன்றும் அது வருகிறது.

பங்கு என்றால் என்ன?

இனி வரும் கதை புரிய வேண்டுமானால், ஒரு சின்னக் கணக்குத் தெரிய வேண்டும்.

ஓர் ஊரில் ஓர் அரிசி ஆலை. அதை 100 பங்காகப் பிரித்து, பலபேர் வாங்கியிருக்கிறார்கள். ஒருவரிடம் 51 பங்கு இருந்தால், ஆலை அவர் சொன்னபடி ஓடும். மற்ற 49 பங்குக்காரர்கள் தலையை ஆட்ட வேண்டியதுதான். மற்றவர்கள் சிதறிக் கிடந்தால், 40 பங்கு வைத்திருப்பவரே ஆட்டி வைக்கலாம்.

ஆக, முழுப் பணமும் இல்லாமலே ஒரு கம்பெனியைப் பிடித்துவிடலாம். மர்டாக் செய்தது இதுதான்.

லண்டனில் நுழைந்தார்

லண்டனில் "நியூஸ் ஆப் தி வேர்ல்டு" என்று ஒரு ஞாயிறு பத்திரிகை. 1843-ம் ஆண்டில் தொடங்கியது. கொலை, கொள்ளை, கோர்ட்டு வழக்கு, குடும்பச் சண்டை, இவைதான் அதன் சரக்கு. வாரம் 60 லட்சத்துக்கு மேல் விற்றது!

அதை நடத்தி வந்தது, கார் குடும்பம். (மோட்டார் கார் அல்ல. அது குடும்பப் பெயர்!) சர் வில்லியம் கார் என்பவர் தலைவர்.

அவருடைய உறவினர் ஒருவர், தம்மிடம் இருந்த கால் பங்கை 1968-ம் ஆண்டில் விற்க முன்வந்தார். வாங்க ஓடி வந்தவர், ராபர்ட் மேக்ஸ்வெல். செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து, இங்கிலாந்தில் பணக்காரர் ஆனவர். பார்லிமெண்டு மெம்பர்.

கார் குடும்பம் பதறியது. "இது பிரிட்டிஷ் பத்திரிகை. பிரிட்டிஷ்காரர்தான் நடத்த வேண்டும்" என்ற பொருளில் பத்திரிகையின் ஆசிரியர் முதல் பக்கத்தில் எழுதினார்.

ஆனால், உதவிக்கு அவர்கள் அழைத்தது ஓர் ஆஸ்திரேலியரை!

மர்டாக் விமானம் ஏறி வந்தார். தம்முடைய ஆஸ்திரேலிய சொத்தில் ஒரு பகுதியைக் கம்பெனிக்குக் கொடுத்தார். பதிலுக்குப் பெரும்பங்கு வாங்கிக்கொண்டார். "சர் வில்லியமே தலைவராக இருப்பார்" என்று பேசி முடித்தார்கள்.

1969-ம் ஆண்டு ஜனவரியில் பங்குதாரர் கூட்டம் நடந்தது. ஓட்டு எடுத்தார்கள். மேக்ஸ்வெல் தோற்றார். மர்டாக் வென்றார்.

சர் வில்லியம் எவ்வளவு நாள் தலைவராக இருந்தார் தெரியுமா? ஆறு மாதம்கூட முழுதாக இல்லை. ஜூன் மாதத்தில் அவர் விலகும்படி ஆயிற்று. அந்த நாற்காலியில் மர்டாக் உட்கார்ந்தார். பூனைக்குப் பயந்து புலியைக் கூப்பிட்ட கதை ஆயிற்று!

சும்மா நின்ற எந்திரம்

இப்போது ஒரு வேடிக்கை பாருங்கள்.

ஞாயிறு பத்திரிகையை அடிக்க, சனிக்கிழமை இரவு மட்டும் எந்திரம் ஓடினால் போதும். மற்ற ஆறு நாளும் எந்திரம் சும்மா நிற்கும்.

வாரத்துக்கு ஒருநாள் மட்டும் நெல் அரைக்கிற ஆலையை எந்த முதலாளி விரும்புவார்?

"இந்த எந்திரத்தில் அடிக்க ஒரு தினப் பத்திரிகை வேண்டும்" என்று மர்டாக் தேடினார். அகப்பட்டது, "சன்".

அது நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர்களே "டெய்லி மிர்ரர்" என்ற பெரிய பத்திரிகையையும் நடத்தினார்கள். "சன்" பத்திரிகையை மூடினால் தொழிலாளர் சங்கங்கள் சண்டைக்கு வரும். ஆகவே, அடிமாட்டு விலைக்கு மர்டாக் தலையில் கட்டினார்கள்.

1969-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி, "சன்" சின்ன அளவில், புது உருவில் வந்தது. விளையாட்டு, சினிமா, போட்டி, வம்பு எல்லாம் கொட்டிக் கிடந்தன. மூன்றாம் பக்கத்தில் போட்ட படங்களைப் பற்றி, குடும்பத்தோடு படிக்கும் இந்தப் பக்கத்தில் எழுதாமல் இருப்பதே நல்லது.

1978-ம் ஆண்டில் "சன்", "டெய்லி மிர்ரர்" பத்திரிகையை முந்தியது. விற்றவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

"சன்" கொட்டிய பணம்தான், மர்டாக் பிறகு வாங்கிய பலவற்றுக்கும் முதல். ஆனால், அந்தப் பத்திரிகை ஓர் ஊரை நிரந்தரமாக இழந்தது. 1989-ம் ஆண்டு ஏப்ரலில், ஷெபீல்டு நகரில் கால்பந்து மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் நசுங்கினார்கள். இறந்தவர்கள் தொகை 97. செத்தவர்களிடம் ரசிகர்கள் திருடினார்கள் என்று "சன்" முதல் பக்கத்தில் எழுதியது. அது பொய். 2012-ம் ஆண்டில் பத்திரிகை பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. லிவர்பூலில் பல கடைகளில் இன்றும் "சன்" கிடையாது.

"டைம்ஸ்" வந்தது

1785-ம் ஆண்டில் தொடங்கிய பத்திரிகை, லண்டன் "டைம்ஸ்". மந்திரிகளும் நீதிபதிகளும் படிப்பது. கனடாவைச் சேர்ந்த தாம்சன் கம்பெனியிடம் அது இருந்தது. தொழிலாளர் தகராறால் 1978-ம் ஆண்டு டிசம்பர் முதல் ஏறக்குறைய ஒரு வருட காலம் பத்திரிகையே வெளிவரவில்லை. தாம்சன் கம்பெனிக்கு அலுத்துவிட்டது.

1981-ம் ஆண்டில் "டைம்ஸ்", "சண்டே டைம்ஸ்" இரண்டையும் சேர்த்து மர்டாக் வாங்கினார். விலை, 1 கோடியே 20 லட்சம் பவுன். (தங்கப் பவுன் அல்ல. இங்கிலாந்து நாணயம்.)

"ஆசிரியர் வேலையில் தலையிட மாட்டேன்" என்று சர்க்காரிடம் வாக்குக் கொடுத்தார். அவரே நியமித்த ஆசிரியர் ஹரால்டு எவான்ஸ், ஒரே ஆண்டில், 1982-ம் ஆண்டு மார்ச்சில், ராஜினாமா செய்துவிட்டுப் போனார்.

இரவோடு இரவாக

அந்தக் காலத்தில் லண்டன் பத்திரிகைகளில் ஈய எழுத்தை வார்த்துத்தான் பக்கம் கட்டினார்கள். அந்த வேலை தெரிந்தவர்களின் சங்கம் மிகவும் பலமானது. கம்ப்யூட்டரை உள்ளே விடமாட்டோம் என்றது.

லண்டனில் வாப்பிங் என்ற இடத்தில், மர்டாக் ஒரு புது அச்சகம் கட்டினார். "புதிதாக ஒரு பத்திரிகை வரப்போகிறது. அதற்காக" என்று வெளியே சொன்னார்கள். உள்ளே ரகசியமாகக் கம்ப்யூட்டர்களை வைத்தார்கள். எலெக்ட்ரீஷியன் சங்கத்தைச் சேர்ந்தவர்களைக் கொண்டு வந்து பழக்கினார்கள்.

1986-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி, அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உடனே சுமார் 5,500 பேரை வேலையில் இருந்து நீக்கினார், மர்டாக்!

அன்று இரவே நான்கு பத்திரிகைகளும் வாப்பிங்குக்கு மாறின. சுற்றிலும் முள்கம்பி வேலி. லாரி லாரியாகப் பத்திரிகை வெளியே போயிற்று. தொழிலாளர்கள் ஓர் ஆண்டு வாசலில் நின்று போராடினார்கள். போலீசுடன் மோதல். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைது. 1987-ம் ஆண்டு பிப்ரவரியில் போராட்டம் முடிந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

ஈய எழுத்தின் காலம் எப்படியும் முடிந்திருக்கும். அது உண்மைதான். ஆனால், தலைமுறை தலைமுறையாக அந்தத் தொழிலைச் செய்த குடும்பங்கள் ஒரே இரவில் தெருவுக்கு வந்தன. அதுவும் உண்மைதான்.

நாட்டையே மாற்றிக்கொண்டார்

அமெரிக்காவில் 1973-ம் ஆண்டிலேயே அவர் கால் வைத்துவிட்டார். டெக்ஸாசில் சான் அன்டோனியோ நகரப் பத்திரிகைகளை வாங்கினார். 1976-ம் ஆண்டில் "நியூயார்க் போஸ்ட்" பத்திரிகையை வாங்கினார்.

1985-ம் ஆண்டில், "டுவன்டியத் செஞ்சுரி பாக்ஸ்" என்ற புகழ்பெற்ற சினிமாக் கம்பெனியை இரண்டு தவணையில் வாங்கினார். முதல் பாதிக்கு 25 கோடி டாலர். மறுபாதிக்கு 32½ கோடி டாலர்.

படம் எடுத்தால் போதுமா? அதைக் காட்ட டெலிவிஷன் வேண்டாமா? ஆகவே, டெலிவிஷன் நிலையங்களுக்கு விலை பேசினார். அங்கே ஒரு முட்டுக்கட்டை. அமெரிக்க டெலிவிஷன் நிலையத்தை வெளிநாட்டார் ஆட்டி வைக்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம்.

மர்டாக் யோசிக்கவில்லை. 1985-ம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்கப் பிரஜை ஆகிவிட்டார்!

1987-ம் ஆண்டில், பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து, பெரிய விலை கொடுத்து ஒரு கம்பெனியை வாங்கினார். எந்தக் கம்பெனி தெரியுமா? தகப்பனார் தலைவராக இருந்த அதே "ஹெரால்டு" குழு! 35 வருடத்துக்குப் பிறகு முள் எடுபட்டது.

அதற்காக ஒன்றைக் கைவிட வேண்டியிருந்தது. அடிலெய்டின் பெரிய பத்திரிகை, அந்தக் குழுவில் இருந்தது. ஓர் ஊரில் இரண்டும் ஒருவரிடம் இருக்கக் கூடாதே? ஆகவே, தகப்பனார் விட்டுச் சென்ற "நியூஸ்" பத்திரிகையை விற்றுவிட்டார். வாங்கியவர்களால் நடத்த முடியவில்லை. 1992-ம் ஆண்டு மார்ச்சில் அது நின்றுபோயிற்று.

ஒரு கோடி டாலர் உயிரை வாங்கியது

இவ்வளவுக்கும் பணம் ஏது?

கடன்தான்! ஒரு பத்திரிகையை வாங்குவார். அதன் வருமானத்தைக் காட்டிக் கடன் வாங்குவார். அந்தப் பணத்தில் அடுத்ததை வாங்குவார்.

பங்கை விற்றுப் பணம் திரட்டியிருக்கலாமே என்று கேட்கலாம். திரட்டலாம். ஆனால், பங்கு மற்றவர்களிடம் போனால் அதிகாரமும் போய்விடும். கடன் கொடுத்தவனுக்கு வட்டி கொடுத்தால் போதும். ஓட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

1988-ம் ஆண்டில், அமெரிக்காவில் டெலிவிஷன் நிகழ்ச்சிகளைப் போடும் வாரப் பத்திரிகையையும், அதைச் சேர்ந்தவற்றையும் ஏறக்குறைய 300 கோடி டாலருக்கு வாங்கினார். 1989-ம் ஆண்டில் இங்கிலாந்தில் "ஸ்கை" டெலிவிஷனைத் தொடங்கினார். "ஸ்கை" வாரந்தோறும் லட்சக்கணக்கான பவுனை விழுங்கியது.

1990-ம் ஆண்டு முடிவில், கடன் சுமார் 760 கோடி டாலர். கடன் கொடுத்த வங்கிகள் 146!

தவணை வந்துவிட்டது. பணம் இல்லை.

"எல்லோரும் தவணையைத் தள்ளி வையுங்கள்" என்று கேட்டார்கள். பெரிய வங்கியான "சிட்டி பேங்க்" இதற்கு ஒரு திட்டம் போட்டது. திட்டத்தில் ஒரு நிபந்தனை. 146 வங்கியும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று மறுத்தாலும் திட்டம் போச்சு. ஒருவனுக்குப் பணம் கொடுத்தால், "எனக்கும் கொடு" என்று மற்ற எல்லோரும் கையை நீட்டுவார்கள். நம் ஊரில் கடன் கொடுத்தவர்கள் வாசலில் கூடுவது போலத்தான்!

ஒவ்வொரு வங்கியாகச் சம்மதித்தது. பெரிய பெரிய வங்கிகள் சம்மதித்தன.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு வங்கி. அதற்கு வர வேண்டியது 1 கோடி டாலர். 760 கோடியில் ஒரு கோடி! அந்த வங்கி மட்டும், "முடியாது. எங்கள் பணத்தைக் கீழே வை" என்றது.

"அப்படியானால் கம்பெனி திவாலாகிவிடும்" என்றார்கள். வங்கி அசையவில்லை.

உலகமெங்கும் பத்திரிகை நடத்தியவர், பல பிரதமர்களோடு நினைத்தபோது பேசக்கூடியவர், அந்த வங்கியில் கடன் பிரிவைக் கவனித்த ஓர் அதிகாரியின் ஒரே வார்த்தைக்காகக் காத்துக்கிடந்தார். "சிட்டி பேங்க்" மேலிடத்தில் இருந்து பிட்ஸ்பர்க்குக்குப் பேசினார்கள். மர்டாக்கும் பேசினார். கடைசியில் வங்கி இணங்கியது. 1991-ம் ஆண்டுத் தொடக்கத்தில் எல்லா வங்கிகளும் கையெழுத்துப் போட்டன.

மர்டாக் சில பத்திரிகைகளை விற்று, கடனைக் கொஞ்சம் அடைத்தார். "ஸ்கை" டெலிவிஷனை முன்பே போட்டிக் கம்பெனியுடன் சேர்த்திருந்தார். தலை தப்பியது.

சென்னைக்கு வந்தார்

இனி வாங்குவதை நிறுத்திவிடுவார் என்று எண்ணினால், அது தவறு.

1993-ம் ஆண்டில், ஹாங்காங்கில் இருந்த "ஸ்டார்" டெலிவிஷனில் பெரும்பங்கை 52½ கோடி டாலருக்கு வாங்கினார். ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள் மூலம் ஆசியா முழுவதும் படம் காட்டும் கம்பெனி அது.

வாங்கிய சூட்டோடு லண்டனில் ஒரு பிரசங்கம் செய்தார். செயற்கைக் கோள் டெலிவிஷன், சர்வாதிகார அரசுகளுக்கு ஆபத்து என்று பேசினார். சீன அரசு அதைக் கேட்டது. அடுத்த மாதமே, வீடுகளில் குடை ஆன்டெனா வைக்கத் தடை போட்டது!

மர்டாக் இறங்கி வந்தார். 1994-ம் ஆண்டில், சீனாவுக்குப் போகும் ஒளிபரப்பில் இருந்து பி.பி.சி. செய்தியை எடுத்துவிட்டார். சீன அரசுக்கு பி.பி.சி. பிடிக்காது. வியாபாரத்துக்கு முன்னால் பேச்சு நிற்கவில்லை.

சீனாவில் மூடிய கதவு, இந்தியாவில் திறந்தது. 2000-ம் ஆண்டு ஜூலையில், அமிதாப்பச்சன் கேள்வி கேட்க, கோடி ரூபாய்ப் பரிசுப் போட்டி "ஸ்டார் பிளஸ்"ஸில் தொடங்கியது. வடநாடே டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தது.

2001-ம் ஆண்டில், சென்னையில் இருந்த "விஜய்" டெலிவிஷனின் பெரும்பங்கும் "ஸ்டார்" கைக்கு வந்தது. அப்படித்தான் அடிலெய்டில் தொடங்கிய கடை, தமிழர் வீட்டுக் கூடத்துக்கு வந்தது.

லாபமும் நஷ்டமும்

வாங்கியது எல்லாம் பொன்னாகிவிடவில்லை.

2005-ம் ஆண்டில், "மைஸ்பேஸ்" என்ற இண்டர்நெட் கம்பெனியை 58 கோடி டாலருக்கு வாங்கினார். பிறகு "பேஸ்புக்" முந்திவிட்டது. 2011-ம் ஆண்டில் அதை விற்றபோது கிடைத்தது, சுமார் 3½ கோடி டாலர்.

2007-ம் ஆண்டில், "வால் ஸ்டிரீட் ஜர்னல்" பத்திரிகைக்கு விலை பேசினார். பேன்கிராப்ட் குடும்பத்தாரிடம் அது 105 வருட காலமாக இருந்தது. "விற்க மாட்டோம்" என்று குடும்பத்தில் பாதிப்பேர் சொன்னார்கள். பங்கின் அன்றைய விலை சுமார் 36 டாலர். மர்டாக் 60 டாலர் தருகிறேன் என்றார்! குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. பணம் வென்றது. மொத்த விலை 500 கோடி டாலருக்கு மேல். சில ஆண்டுக்குள், அதில் 280 கோடி டாலரை நஷ்டமாக எழுதினார்கள்.

சிறுமியின் டெலிபோன்

லண்டனில் அவர் முதன்முதலாக வாங்கிய "நியூஸ் ஆப் தி வேர்ல்டு" என்ன ஆயிற்று?

2002-ம் ஆண்டில், இங்கிலாந்தில் 13 வயதுப் பள்ளிச் சிறுமி காணாமல் போனாள். பெற்றோர் துடித்தார்கள். நாடே தேடியது. பிறகு அவள் கொலை செய்யப்பட்டது தெரிந்தது.

அவளைத் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களில், அவளுடைய செல்போனில் பதிவாகியிருந்த செய்திகளை, இந்தப் பத்திரிகைக்காகத் திருட்டுத்தனமாகக் கேட்டிருக்கிறார்கள்!

2011-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, "கார்டியன்" பத்திரிகை இதை வெளியிட்டது.

நடிகர்கள், அரச குடும்பத்தினர் ஆகியோரின் டெலிபோனை ஒட்டுக்கேட்ட விஷயம் முன்பே வெளிவந்து, 2007-ம் ஆண்டில் ஒரு நிருபர் ஜெயிலுக்கும் போயிருந்தார். அப்போது ஜனங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்துப்போன குழந்தையின் டெலிபோன் என்றதும், நாடு கொதித்தது. விளம்பரக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள்.

ஒரே வாரம். ஜூலை 10-ந் தேதி கடைசி இதழ் வந்தது. நன்றி சொல்லி, விடைபெறுவதாகத் தலைப்புப் போட்டிருந்தார்கள். 168 ஆண்டுப் பத்திரிகை மூடப்பட்டது. அப்போதும் அது 25 லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. ஒட்டுக்கேட்டதில் சம்பந்தமே இல்லாத ஊழியர்களுக்கும் வேலை போயிற்று.

ஜூலை 19-ந் தேதி, மர்டாக்கும் மகன் ஜேம்சும் பார்லிமெண்டுக் கமிட்டி முன் சாட்சி சொன்னார்கள். மர்டாக்குக்கு வயது 80. தம் வாழ்நாளிலேயே தலைகுனிந்த நாள் இது என்றார். நடுவில், வேடிக்கை பார்க்க வந்த ஒருவன், தட்டு நிறைய ஷேவிங் நுரையை அவர் முகத்தில் அடிக்கப் பாய்ந்தான். மர்டாக்கின் மனைவி வெண்டி எழுந்து பாய்ந்து, அவனை ஓங்கி அறைந்தார். உலகமே அதை டெலிவிஷனில் பார்த்தது.

சிறுமியின் பெற்றோரை மர்டாக் நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டார். குடும்பத்துக்கு 20 லட்சம் பவுன் கொடுக்கப்பட்டது. தர்மத்துக்கு 10 லட்சம் பவுன் அவரே கொடுத்தார். பத்திரிகையின் மாஜி ஆசிரியர் ஒருவருக்கு 2014-ம் ஆண்டில் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

"ஸ்கை" முழுவதையும் வாங்க மர்டாக் அப்போது பேசிக்கொண்டிருந்தார். அதையும் கைவிட்டார்.

விற்கத் தொடங்கினார்

2013-ம் ஆண்டில் கம்பெனியை இரண்டாகப் பிரித்தார். பத்திரிகையும் புத்தகமும் ஒரு பக்கம். சினிமாவும் டெலிவிஷனும் மறுபக்கம்.

அதற்குப் பிறகு, வாழ்நாள் முழுவதும் வாங்கியவர், விற்பனைக்கு வந்தார். இண்டர்நெட் மூலம் படம் காட்டும் கம்பெனிகள் பெருத்துவிட்டன. அவற்றோடு போட்டி போட முடியாது என்று கணக்குப் போட்டார்.

சினிமாக் கம்பெனியையும், டெலிவிஷனில் பெரும்பகுதியையும் 5,240 கோடி டாலருக்குக் கேட்டது, டிஸ்னி. மிக்கி மவுஸ் எலியைப் படைத்த அதே டிஸ்னிதான். "6,500 கோடி தருகிறேன்" என்று குறுக்கே வந்தது, காம்காஸ்ட் கம்பெனி. டிஸ்னி விலையை ஏற்றியது. 2019-ம் ஆண்டு மார்ச்சில், 7,130 கோடி டாலருக்கு வியாபாரம் முடிந்தது. 1985-ம் ஆண்டில் அந்தச் சினிமாக் கம்பெனிக்கு அவர் கொடுத்தது 57½ கோடி!

"ஸ்டார்" டெலிவிஷனும், அதோடு "விஜய்"யும் டிஸ்னிக்குப் போயின. 2024-ம் ஆண்டு நவம்பரில் டிஸ்னியின் இந்திய டெலிவிஷனும், ரிலையன்ஸ் டெலிவிஷனும் ஒன்றாகி, "ஜியோஸ்டார்" என்ற கம்பெனி ஆயின.

அமெரிக்காவில் "பாக்ஸ் நியூஸ்" என்ற செய்தி டெலிவிஷனை மர்டாக் விற்கவில்லை. அது பெரும் லாபம் தருவது. 2020-ம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு எந்திரம் மோசடி செய்ததாகப் பொய்யைப் பரப்பியது என்று, அந்த எந்திரக் கம்பெனி வழக்குப் போட்டது. 2023-ம் ஆண்டு ஏப்ரலில், 78¾ கோடி டாலர் கொடுத்து, வழக்கைச் சமரசம் செய்துகொண்டார்கள்.

வீட்டுக்குள் வழக்கு

மர்டாக் ஐந்து முறை மணந்தவர். பிள்ளைகள் ஆறு பேர். மூத்த நால்வர், புரூடன்ஸ், எலிசபெத், லாக்லன், ஜேம்ஸ்.

தமக்குப் பிறகு கம்பெனியில் இந்த நால்வருக்கும் சரிசமமான ஓட்டு என்று, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டிரஸ்டு எழுதி வைத்தார். மாற்ற முடியாதபடி எழுதினார்.

2023-ம் ஆண்டு நவம்பரில் தலைவர் பதவியை விட்டு விலகி, லாக்லனை அமர்த்தினார். ஜேம்சுக்கும், அவருக்கும் கருத்து ஒத்துப்போவதில்லை. தாம் கண்ணை மூடியதும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து லாக்லனை இறக்கிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு வந்தது. தாம் எழுதியதைத் தாமே மாற்றப் பார்த்தார்.

மூன்று பிள்ளைகளும் கோர்ட்டில் எதிர்த்தார்கள். அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில், கதவை மூடிக்கொண்டு விசாரணை நடந்தது. 2024-ம் ஆண்டு டிசம்பரில், தகப்பனாருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

பிறகு சமரசம் பேசினார்கள். 2025-ம் ஆண்டு செப்டம்பரில் பேச்சு முடிந்தது. புரூடன்ஸ், எலிசபெத், ஜேம்ஸ் மூவரும் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டு, ஆளுக்குச் சுமார் 110 கோடி டாலர் வாங்கிக்கொண்டு விலக ஒப்புக்கொண்டார்கள். கம்பெனி லாக்லனுக்கு.

தாம் உண்டாக்கிய கம்பெனியைத் தம் பிள்ளைகளிடம் இருந்தே மர்டாக் விலை கொடுத்து வாங்கியபோது, அவருக்கு வயது 94.